குளவிக் கூட்டத்துச் சீனிப் பொம்மை

கொக்குக் கூட்டமும் குளவிக் கூட்டமும் திரும்பவும் வந்துவிட்டன. தொண்ணூறுகளில் நாங்கள் ரிவியில் பார்த்த அதே யப்பான் நிஞ்சாக்கள்தான். இப்போது புதிதாகப் படம் கீறி, புதுக் குரல் கொடுத்து, பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள் சண்டை பிடிக்கிறார்கள். போன மாதம் தமிழ்ப் பாடசாலையில் சிற்றுண்டித் தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டு நின்றேன். ஆண்டு மலர் வேலை பார்க்கும் சுகந்தி பக்கத்தில் நின்று மற்றப் பெட்டையளோடு இந்தக் காட்டூனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் பொதுவாக நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்காத ஆள். அன்றைக்கு என்ன வந்ததோ, "உந்தக் குளவித் தலைவனுக்குக் கண் கீறிக் கீறி எனக்குக் கை உளைஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"அன்ரி, நீங்களோ? நிஞ்சாவோ?"

"சீனியிலை, பிள்ளை. தின்னுற நிஞ்சா."

விடுவாளா அவள்? மலருக்கு எழுதித் தாங்கோ என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கென்ன எழுத்து என்றேன். "அப்ப வகுப்புக்கு ஒரு பக்கமா ஐஞ்சு பக்கம் எழுதுங்கோ" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். இதோ எழுதுகிறேன்.

இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு ஊர்களில் இதை வாசிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் இரண்டாம் திகதி இங்கே இறந்தவர்களின் நாள். அன்று காலையில் செத்துப்போன தாத்தாவும் பாட்டியும் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் இனிப்பும் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இந்த ஊர் நம்பிக்கை. பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதில் கட்டாயம் ஒரு சீனிப் பொம்மை இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாமல் கோறையாக, வெளியே நிறம் பூசி, ஒரு முழ உயரத்தில் குதிரை வீரன், நடனக்காரி, மணமக்கள் என்று விதம் விதமாக இருக்கும். அந்தப் பொம்மைகளைச் செய்யும் பட்டறையில்தான் நான் ஓய்வு பெறும் வரைக்கும் வேலை செய்தேன்.

வந்த புதிதில் மற்ற எல்லாரையும் போல வீட்டு வேலைதான். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இந்த ஊர் அம்மாவின், வீட்டில் தரை துடைத்தேன், இன்னொரு சிஞ்ஞோராவின் தாயைக் குளிப்பாட்டினேன். பிறகு மன்னார் பிலோமினா அக்கா பஸ்ஸில் பழக்கமாகி, "எங்கட பட்டறைக்கு வா, அங்கை ஒருத்தரும் உன்னைக் கதை கதை எண்டு கரைச்சல் படுத்த மாட்டினம்" என்று பிரான்காச்சோ என்ற பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனா. முதலில் அச்சுக் கழுவினேன். பிறகு பாகு ஊற்றினேன். பிறகு தூரிகை கைக்கு வந்தது. பழகின கதை அவ்வளவுதான்.

முதலாளியை எல்லாரும் மாஸ்திரோ தொதோ, தொழில் வாத்தியார் தொதோ, என்போம். கட்டையான மனிதர், புருவத்தில் எப்போதும் சீனித்தூள் இருக்கும். என் பெயர் தவமணியில் அவருக்குப் பிடிபட்டது மணி மட்டும்தான். இத்தாலியனில் மணி என்றால் கைகள். "இந்தப் பட்டறைக்கு வாய் வேண்டாம், கைதான் வேணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி.

அவர் ஒருநாளும் ஏசியதில்லை. ஒரு பொம்மை சரியாக வரவில்லை என்றால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அதன் தலையை முறித்து வாயில் போட்டுக் கடிப்பார். கடிக்கும் சத்தம் கேட்டால் எல்லாரும் திரும்பி, யாருடைய பொம்மை என்று பார்ப்போம். சீனி தின்னக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகு மாஸ்திரோவின் மனைவி எங்களிடம் வந்து, "பிள்ளையள், அவருக்காக எண்டாலும் ஒழுங்காச் செய்யுங்கோ" என்று கெஞ்சிவிட்டுப் போனா.

வேலை இப்படித்தான். பிளாஸ்ரர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் சீனி அச்சிலேயே ஒட்டிக்கொண்டு கழன்று வராது. காலையில் எடுத்து இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டுவோம். செப்புச் சட்டியில் சீனிப் பாகு காய்ச்சி, கொஞ்சம் தேசிப்புளி, எலுமிச்சைச் சாறுதான், விட்டு, மர அகப்பையால் சட்டியின் கரையோடு அரைத்து அரைத்துப் பாகு பால் நிறத்துக்கு மங்கும் வரைக்கும் மாஸ்திரோ விட மாட்டார். பிறகு அச்சுக்குள் ஊற்ற வேண்டும். கரையில் உறைந்ததும் நடுவில் மிஞ்சிய பாகைத் திரும்பச் சட்டிக்குள் கவிழ்க்க வேண்டும். அதனால்தான் பொம்மை உள்ளே கோறை. எவ்வளவு நேரம் பொறுப்பது? மாஸ்திரோ மணிக்கூடு பார்க்க மாட்டார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' மன்றாட்டுச் சொல்லி முடித்ததும் கவிழ்ப்பார். பிலோமினா அக்காவும் அதே மன்றாட்டைத்தான் சொல்லுவா, ஆனால் தமிழில், கண்ணை மூடி, உருக்கமாக. அதனால் அவவின் பொம்மைகள் கல் மாதிரித் தடிப்பு. நான் மனதுக்குள் பிள்ளையாருக்கு ஒரு பாட்டுச் சொல்லுவேன். பயத்தில் விரைவாகச் சொல்லிவிடுவதால் என்னுடையது மெல்லிசு. மாஸ்திரோ பொம்மையைக் கையில் தூக்கின உடனேயே "இது மன்னார் மாதா, இது யாழ்ப்பாணத்துப் பிள்ளையார்" என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊர்ப் பெயர்களை அவர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

நிறம் பூசுவதில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒரு சின்ன இழுபறி. கண்ணை முதலில் கீறு என்பார், காலையில்தான் கை நடுங்காதாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் கோயிலில் சிலைக்குக் கண் கடைசியில்தான் திறப்பார்கள். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை, கடைசியிலேயே கீறினேன். அவரும் பார்த்தார், தலையை முறிக்கவில்லை. அத்தோடு அந்த விசயம் முடிந்தது.

ஒரு செப்டெம்பரில், இறந்தவர்களின் நாளுக்குக் கூடும் சந்தையில் கடை போடுகிறவர்கள் வந்து, பிள்ளைகளுக்கு இப்போது குதிரை வீரன் வேண்டாமாம், நிஞ்சாதான் வேண்டுமாம் என்றார்கள். மாஸ்திரோ ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பத்திரிகைக் கடையில் ஒரு யப்பான் படக்கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். மலையில் இருக்கும் கொக்குக் கூட்டத்துக்கும் சதுப்பில் இருக்கும் குளவிக் கூட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. புத்தகம் முழுக்க வெட்டுக் கொத்து. முகம் மூடி, கண் மட்டும் தெரிகிற ஆட்கள்.

புது அச்சுச் செய்ய நேரமில்லை. மாஸ்திரோ பழைய குதிரை வீரனின் அச்சை எடுத்து, தலையில் இருந்த இறகுப் பள்ளத்தைச் சாந்து வைத்து அடைத்தார். நெஞ்சில் இருந்த இரும்புக் கவசத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. "உள்ளுக்கை போட்டிருக்கிறான், ஆருக்கும் தெரியாது" என்றார்.

அடுத்தது நிறம். புத்தகமோ கறுப்பு வெள்ளை. குளவிக்காரருக்கு மை பூசியிருந்தது, கொக்குக்காரரை வெறுமையாக விட்டிருந்தது. வெறுமையாக விட்டிருந்தால் என்ன நினைப்போம்? நிறத்தை உங்கள் விருப்பத்துக்குப் பூசுங்கள் என்றுதானே. மாஸ்திரோ யோசிக்கவே இல்லை. "நல்ல ஆக்களுக்கு எங்கட ஊர்ப் பந்தாட்ட அணியின்ர நிறம்" என்றார். கொக்குக்காரர் அத்தனை பேருக்கும் றோசாவும் கறுப்பும் பூசினோம்.

சந்தைக்குப் போன பெட்டிகளோடு கடைக்காரர்களும் திரும்பி வந்தார்கள். ரிவியில் கொக்குக்காரர் வெள்ளையாம். குளவிக்காரர் கடும் நீலம், நெற்றியில் மஞ்சள் பட்டியாம். பிள்ளைகள் கடையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "எல்லாத்தையும் நானே தின்னுறதோ?" என்று மாஸ்திரோ தலையில் கை வைத்தார். நல்ல காலம், பந்தாட்டப் பைத்தியம் பிடித்த தகப்பன்மார் தங்களுக்கென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் மாஸ்திரோ ஒரு சின்ன ரிவியைக் கொண்டுவந்து சீனிச் சாக்கின் மேல் வைத்தார். பின்னேரம் காட்டூன் தொடங்கினதும் தூரிகையை வைத்துவிட்டுப் பார்ப்பதும் வேலையில் சேர்ந்துவிட்டது. யப்பான்காரன் சுத்தமான இத்தாலியன் கதைத்தான். என் இத்தாலியன் திருந்தினது அந்தச் சண்டைக்காரரால்தான். கொக்குத் தலைவன் மலையில் இருந்து விழுந்த அன்று பிலோமினா அக்கா சிலுவை போட்டா.

"அக்கா, அது கீறின படம்."

"கீறினதெண்டாலும் தாய் தகப்பன் இருக்கும்தானே, மணி."

அந்த வருடம் நிறத்தில் பிழை வரவில்லை. கொக்குகள் சந்தை தொடங்கின கையோடு முடிந்துவிட்டன. குளவிகள்தான் கொஞ்சம் மிஞ்சின. எந்தப் பிள்ளை கெட்டவனை வாங்கும்?

இனி, நான் எழுத வந்த விசயம். அதற்கு அடுத்த ஒக்டோபரில், ஒரு காலை நேரம். மாஸ்திரோ சீனி இறக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். பிலோமினா அக்கா சட்டியை விட்டு அசைய முடியாது. கறுப்பு உடுத்த ஒரு வயதான சிஞ்ஞோரா உள்ளே வந்து நேரே என் மேசைக்கு முன்னால் நின்றா. பெயர் கொஞ்செத்தா. கையில் இருந்த லேஞ்சித் துண்டை உருட்டி உருட்டிக் கதைத்தா.

புருசன் வசந்த காலத்தில் தவறிவிட்டார். ஒரே பேரன் மார்க்கோ, ஏழு வயது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போவதால் பெடியன் நொன்னோவோடு, அதாவது தாத்தாவோடுதான் வளர்ந்தான். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேரும் ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு நிஞ்சா பார்ப்பார்களாம்.

"அவன் கொக்கு, அவர் குளவி. சும்மா அவனைக் கோவப்படுத்திறதுக்காகவே அவர் குளவி. 'உன்ர கொக்குகள் கோழி மாதிரி ஓடுதுகள்' எண்டுவார். 'உங்கட குளவியள் ஒவ்வொரு கிழமையும் சாகுதுகள்' எண்டு இவன் குதிப்பான். நான் குசினியிலை இருந்து கத்தோணும், இரண்டு பேரும் வாயை மூடுங்கோ எண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தா. பிறகு லேஞ்சி கண்ணுக்குப் போய்விட்டது. நொன்னோ போன நாளில் இருந்து மார்க்கோ அந்த ரிவியைப் போடுவதில்லை. அதோடு பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லிவிட்டான், செத்தவர்கள் ஒன்றும் கொண்டு வருவதில்லை, எல்லாம் தாய்மார் கடையில் வாங்குவதுதான் என்று. "அப்ப நொன்னோ வரவே மாட்டாரோ?" என்று பெடியன் கேட்டானாம். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதே இல்லையாம்.

"எனக்கு ஒரு நிஞ்சா செய்து தாருங்கோ. அவர்தான் அனுப்பினவர் எண்டு பெடியனுக்கு விளங்க வேணும். அது போதும்."

நான் "ஓம் சிஞ்ஞோரா" என்றேன். எந்தக் கூட்டத்து நிஞ்சா என்று கேட்கவில்லை. அழுகிற ஒருவரை மறித்துக் கேள்வி கேட்க எனக்கு வராது. அதோடு, கேட்க என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். இறந்தவருக்கு ஒன்று செய்வதென்றால் அவருக்கு விருப்பமானதைத்தானே செய்வோம்? என்னுடைய அப்புவின் திவசத்துக்கு அம்மா வாழையிலையில் அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியைத்தான் வைப்பா. எங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த நொன்னோவுக்குப் பிடித்தது குளவி. ஆகவே குளவி.

அந்தப் பொம்மைக்கு நான் பிள்ளையார் பாட்டை அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லி ஊற்றினேன். சீனிப் பொம்மைக்கு முன்பக்கம் மட்டும்தான் நிறம் பூசுவது வழக்கம், முதுகு வெள்ளையாகவே இருக்கும். இதற்கு முதுகும் பூசினேன். கடும் நீலம் மூன்று முறை, காய விட்டுக் காய விட்டு. நெற்றியில் மஞ்சள் பட்டி. கடைசியில் கண்.

இறந்தவர்களின் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். மாஸ்திரோ ஒவ்வொரு பொம்மையாகக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா கொஞ்செத்தாவின் பொம்மையைக் கையில் எடுத்தார். முதுகைப் பார்த்தார்.

"முதுகும் பூசியிருக்கிறாய். செத்தவர் பின்னாலையும் பாப்பாரோ?" என்று சிரித்தார். பிறகு, "இது ஆருக்கு?" என்றார்.

சொன்னேன்.

"பெடியன் குளவியோ?"

"இல்லை. பெடியன் கொக்கு. தாத்தாதான் குளவி."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. "மணி, இதை ஆர் தின்னப்போறது? செத்தவரோ, பெடியனோ?"

பிலோமினா அக்கா சட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தா. "மாஸ்திரோ, அவையின்ர ஊரிலை செத்த ஆளுக்கு விருப்பமானதைத்தான் படைப்பினம். அவள் அதைத்தான் செய்திருக்கிறாள்."

"இஞ்சை செத்தவர் வாங்க வாறேல்லை, அக்கா! குடுக்க வாறவர்! பிள்ளைக்கு விருப்பமானதைக் கொண்டு வாறவர்!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். பொம்மையைத் தூக்கினார். தலை போகப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், பொம்மையை மெதுவாகத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். "நல்ல வேலையா வேறை செய்து வைச்சிருக்கிறாய்" என்று முணுமுணுத்தார்.

வெள்ளையின் மேல் நீலம் பூசலாம், நீலத்தின் மேல் வெள்ளை பூச முடியாது. சாயம் சீனிக்குள் இறங்கிவிடும். புதிதாக ஊற்றினால் காய நாளில்லை. பட்டறையில் ஒரு கொக்குக்கூட மிச்சமில்லை. மாஸ்திரோ தன் மூன்று சில்லு வண்டியில் என்னை முன்னாலும் அக்காவைப் பின்னால் வெறும் பெட்டிகளுக்கு நடுவிலும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் பறந்தார். ஒவ்வொரு கடையாகக் கேட்டோம். கடைக்காரர் எல்லாரும் கையை விரித்தார்கள். ஒரே ஒருவனிடம் ஒரு கொக்கு இருந்தது, ஒரு கால் இல்லாமல்.

"கால் இல்லாட்டி என்ன, சண்டையிலை போனதெண்டு சொல்லுங்கோவன்" என்றான்.

"தாத்தா நொண்டியை அனுப்பினவர் எண்டு பிள்ளை அழட்டோ? போடா" என்று அக்கா தமிழிலேயே ஏசினா. அவனுக்கு நன்றாக விளங்கியது.

வெறுங்கையோடு திரும்பி வந்தால் பட்டறை வாசலில் சிஞ்ஞோரா கொஞ்செத்தா நிற்கிறா. மாஸ்திரோ தொப்பியைக் கழற்றி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவ பொம்மையைக் கையில் வாங்கினா.

"ரிவியிலை இவனைக் கண்டால் மார்க்கோ செருப்பெறியிறவன்" என்றா.

வேறு வழியில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் தரிப்புப் பக்கம் நடந்து போனா. எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? மற்ற நாள், இறந்தவர்களின் நாளன்று, பட்டறை பூட்டு. வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை கட்டிலுக்குக் கீழே குனிந்து, பெட்டியைத் திறந்து, எதிரியின் முகத்தைப் பார்ப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. நொன்னோ அனுப்பவில்லை, யாரோ பிழையாக வாங்கியிருக்கிறார்கள் என்று அவன் அந்த நிமிசமே அறிந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் பட்டறையில் சட்டிகளை விளக்கிக்கொண்டிருந்தோம். அச்சுகளைக் கழுவித் துடைத்து மேல் தட்டில் அடுக்கியாகிவிட்டது, இனி அடுத்த வருடம்தான். கதவைத் தட்டாமல் சிஞ்ஞோரா கொஞ்செத்தா வந்தா. கையில் பிடித்திருந்தது மார்க்கோவாகத்தான் இருக்க வேண்டும். முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சின்னப் பெடியன். நான் சீனிச் சாக்குகளுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினா.

"உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது" என்று சிஞ்ஞோரா தொடங்கினா. பெடியன் பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்தானாம். திறந்தானாம். ஒரு சத்தமும் இல்லையாம். "நான் கதவுக்குப் பின்னாலை நிண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறன். இவன் பொம்மையைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சு, முகட்டைப் பாத்துக் கத்துறான், 'நொன்னோ! இப்பவும் விடமாட்டியளோ?' எண்டு. பிறகு சிரிக்கிறான். அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்!"

தாய் ஓடி வந்து, பிழையான பொம்மை வந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றாளாம். பெடியன் விடவில்லையாம்.

மார்க்கோ எங்களுக்கு விளங்காது என்று நினைத்தானோ என்னவோ, விரலை மடக்கி மடக்கித் தானே சொன்னான். "அம்மா வாங்கினால் கொக்கு வாங்குவா. அப்பா வாங்கினாலும் கொக்கு. நொன்னாப் பாட்டி வாங்கினாலும் கொக்குத்தான். எனக்குக் குளவி தர இந்த உலகத்திலை ஆர் இருக்கினம்? அவர் மட்டும்தான்."

மாஸ்திரோ மூக்கைச் சீறினார். அக்கா என்னைக் கிள்ளிய கிள்ளில் இரண்டு நாள் கை நீலமாக இருந்தது.

"நேற்று ரிவி போட்டவன்" என்று சிஞ்ஞோரா மெதுவாகச் சொன்னா. "குளவியை அவர் இருக்கிற பக்கத்துக் கதிரைக் கையிலை இருத்தி வைச்சிட்டு, சண்டை முழுக்க அதோடை வாய் காட்டினவன்."

சரி, நன்றி சொல்லத்தான் வந்தார்கள் என்று மாஸ்திரோ தொப்பியை மாட்டப் போனார். மார்க்கோ அசையவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றான். தனக்கு ஒரு கொக்கு வேண்டும் என்றான். பெரியது, வாளோடு.

"குளவி இருக்குதே, பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"எனக்கில்லை. கல்லறையிலை வைக்க. அவருக்குக் குடுக்க வேணும். சும்மா விடுறதோ?"

சந்தை முடிந்து, அடுப்பு ஆறி, வருடக் கணக்கும் பூட்டியாகிவிட்டது. மாஸ்திரோ ஏணியில் ஏறி, மேல் தட்டில் இருந்த நிஞ்சா அச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, அதை ஊறப்போடத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.